ஒத்தாசை: குழந்தையின் கையும் நம் எழுத்தின் கண்ணும்

1

கிராமத்துத் தமிழில் குழந்தை செய்யும் வேலைக்கு 'வேலை' என்று பெயர் கிடையாது. 'ஒத்தாசை' என்று பெயர். 'கூடமாட இருக்கறான்', 'கைக்கு ஒதவியா கீறா', 'சொன்னா கேப்பான்' என்றெல்லாம் எங்கள் ஆலங்காயம் பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். 'வேலைக்குப் போறான்' என்ற பேச்சு வீட்டுப்படி தாண்டிப் போய்க் கூலி வாங்குகிறவனுக்கு மட்டும்தான். படிக்குள்ளே நடப்பது எல்லாம் ஒத்தாசைக் கணக்கு.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். 'தம்பியப் பாத்துக்கறா.' எட்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கி, கஞ்சி ஊட்டி, கால் கழுவி, தூளியாட்டி, அழுதால் தெருமுனைவரை சுமந்துகொண்டு நடந்து பொழுதை ஓட்டுகிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் வினைச்சொல் 'பார்ப்பது'. ஆட்டைப் பாத்துக்கறான், அடுப்பப் பாத்துக்கறா, காயப்போட்ட கேவுரப் பாத்துக்கறா. கை செய்வதை எல்லாம் கண் செய்வதாகச் சொல்லிவிடுகிறது மொழி. பார்ப்பதற்கு யார் கூலி கேட்பார்கள்?

மொழியின் இந்தச் சாமர்த்தியம் நம் இலக்கியத்துக்குள் எப்படிப் புகுந்தது, சட்டத்துக்குள் எப்படிப் புகுந்தது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கஷ்ட காலம் வந்ததால் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். பஞ்சம், மழையின்மை, அப்பன் சாவு, கடன், கொரோனா என்று காரணங்கள் அடுக்குகிறோம். நான் சொல்ல வருவது வேறு. கஷ்ட காலம் குழந்தையை வேலைக்குக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே வேலையில் இருந்த குழந்தையிடமிருந்து பள்ளிக்கூடத்தையும் விளையாட்டையும் தூக்கத்தில் ஒரு பகுதியையும் கழித்துக்கொள்கிறது. அந்த 'ஏற்கெனவே' என்பது நமக்குத் தெரியாமல் போவதற்கு 'ஒத்தாசை' என்ற சொல் போதுமானதாக இருக்கிறது.

2

ஆலங்காயம் ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். இன்று திருப்பத்தூர் மாவட்டம். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம். அதற்கு முன்னால் வட ஆற்காடு. மேலே மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள்: சாமை, ஆடு, புளி, கடுக்காய், தேன். கீழே வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் ஊர்கள். இடையில் வீட்டுக்கு வீடு பீடி. மூன்றிலும் பிள்ளைகளின் கை உண்டு. மூன்றிலும் அது கணக்கில் வராது.

பீடியை எடுத்துக்கொள்வோம். இலையை நனைத்து வைக்க வேண்டும். அளவுக்கு வெட்ட வேண்டும். தூள் வைத்துச் சுருட்ட வேண்டும். வாயை மடிக்க வேண்டும். நூல் கட்ட வேண்டும். எண்ணிக் கட்டாக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. இலை வெட்டுவது முதல் கட்டுக் கட்டுவது வரை ஒரே ஆள் செய்து ஒரு நாளில் ஆயிரம் முடிப்பதென்றால் சமையலை மறந்துவிட வேண்டும், இடுப்பையும் மறந்துவிட வேண்டும். எனவே மடிக்கிற வேலையும் நூல் கட்டுகிற வேலையும் பிள்ளைகளுக்குப் போகிறது. 'சின்ன வெரலுக்குத்தான் அது தோதுப்படும்' என்பார்கள். கவனியுங்கள்: 'ஆயிரத்துக்கு இவ்வளவு' என்ற கணக்குக்கு உள்ளேயே குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஜோடிக் கையால் எட்ட முடியாத எண்ணை வைத்துக் கூலி பேசும்போதே இன்னொரு ஜோடிக் கை இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரியும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அம்மா பெயர் ஒன்றுதான் இருக்கும்.

1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. அந்த நிதியிலிருந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அந்த விண்ணப்பத்தில் பிள்ளை யார்? தொழிலாளியைச் சார்ந்து வாழ்பவர். ராத்திரி ஒன்பது மணிவரைக்கும் நூல் கட்டிய பிள்ளை காலையில் விண்ணப்பத்தில் 'சார்ந்து வாழ்பவர்' ஆகிவிடுகிறது. யார் யாரைச் சார்ந்திருந்தார்கள் என்பது அந்தப் படிவத்துக்குத் தேவைப்படாத கேள்வி.

முன்பணம் வாங்கிய வீடுகளில் விஷயம் இன்னும் மோசம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. இருபது வருஷம் கழித்து, 1996இல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் வட ஆற்காட்டின் பீடித் தொழில் இடம்பெற்றது. உலகத்துக்கே தெரிந்த விஷயம் உள்ளூரில் 'புள்ள எதுனா கத்துக்கட்டும்னு வுட்டோம்' என்ற அளவில்தான் பேசப்பட்டது.

மலைமேல் போனால் ஆடு. ஆடு மேய்ப்பதைப் போல நீண்ட வேலை வேறு இல்லை. பொழுது விடிந்து பட்டி திறந்தால் பொழுது சாய்ந்து பட்டி அடைக்கும்வரை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரு குட்டி குறைந்தால் அடி. அடுத்தவன் கொல்லையில் வாய் வைத்தாலும் அடி. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியவர்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பலர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. மனித உரிமை இயக்கங்கள் பேச வேண்டியதைப் பேசின. ஆனால் அப்பன் செத்த அல்லது ஜெயிலுக்குப் போன வீட்டில் அவன் செய்த வேலைகள் யார் கைக்கு மாறுகின்றன என்ற கேள்வி எந்த அறிக்கையிலும் தனித் தலைப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. விறகும் தண்ணியும் ஆடும் தானாகவா நடந்து வரும்?

குடும்பம் கஷ்டப்படும்போது எதை முதலில் எடுத்துச் செலவழிக்கிறது? பொருளாதாரம் படித்தவர்கள் சேமிப்பு, நகை, கால்நடை என்று வரிசை சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் அதற்கெல்லாம் முன்னால் செலவாவது குழந்தையின் நேரம். அடகுக் கடைக்குப் போக வேண்டாம். வட்டி கிடையாது. யாரிடமும் கேட்க வேண்டாம், குழந்தையிடமும் கேட்க வேண்டாம். வாங்கியதே தெரியாத கடன் என்பதால் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. மழை பெய்தால் அடகு வைத்த குண்டான் வீட்டுக்கு வரும். நின்றுபோன ஐந்தாம் வகுப்பு வராது.

எங்கள் தெருவில் ஒரு ஆயா இருந்தது. பஞ்சத்தில் பிள்ளைகளை ஆடு மேய்க்க விட்டீர்களாமே என்று கேட்டதற்கு அது சொன்னது: "பஞ்சத்துல மேய்க்க வுட்டோம்னு எவன் சொன்னான்? பசங்க எப்பவும் மேச்சிக்கினுதான் இருந்துச்சிங்க. பஞ்சத்துல நாங்க கஞ்சி ஊத்தறதத்தான் நிறுத்தினோம்." இந்தக் கட்டுரையின் வாதத்தை என்னைவிடச் சுருக்கமாக அந்த ஆயா சொல்லிவிட்டது.

3

தமிழ் படித்தவனாக என் பாடப்புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். குறிஞ்சித் திணை என்றதும் நமக்கு முதலில் வருவது தினைப்புனம். பரண்மீது பெண், கிளி கடிதல், குளிர், தட்டை, தழல் என்று கருவிகள். தலைவன் வருகிறான், மற்றதெல்லாம் காதல். புனம் காத்தல் என்பது காதலுக்கு வாய்ப்பான ஒரு சூழல் என்றே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாமும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்தத் தலைவிக்கு என்ன வயது? இறையனார் களவியல் உரை பன்னிரண்டு என்கிறது. இன்றைய சட்டத்தின் கணக்கில் அவள் குழந்தை. பன்னிரண்டு வயதுச் சிறுமி நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தி வீட்டின் வருஷச் சோற்றைக் காக்கிறாள். கதிர் அறுத்துவிட்டால் அவளுக்கு அங்கே இடமில்லை, வீட்டுக்குள் அடைபடுகிறாள், காதலுக்கு நெருக்கடி. அதாவது அகப்பாடலின் கதைப்பின்னலை நகர்த்துவதே வேலையின் காலண்டர்தான். தொல்காப்பியம் கருப்பொருள்களில் ஒன்றாகத் தொழிலையும் வைத்திருக்கிறது. நம் வாசிப்புதான் தொழிலைப் பின்னணி ஓவியமாக்கி, காதலை முன்னால் இழுத்து வைத்தது.

பிள்ளைத்தமிழுக்கு வருவோம். காப்பு தொடங்கிப் பத்துப் பருவம். ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை. பத்தில் ஒன்றிலும் குழந்தை ஒரு குடம் தண்ணீர் எடுத்ததில்லை. கடவுளும் அரசனும் தலைவனும் பிள்ளையாக இருக்கும் இலக்கியத்தில் தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். சரிதான். ஆனால் தமிழில் குழந்தைப்பருவம் என்பதற்கென்று இருக்கும் ஒரே தனிச் சிற்றிலக்கிய வகை அது. அதன் பட்டியல்தான் 'குழந்தை என்றால் இதெல்லாம் செய்யும்' என்ற நம் பொதுப்புத்தியின் பட்டியலும்.

இந்த மரபுக்குள் ஒரு இடத்தில் மட்டும் வேறொரு குரல் கேட்கிறது. பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் யசோதை, கண்ணனைக் கன்றுகளின் பின்னால் அனுப்பிவிட்டோமே என்று தவிக்கிறாள். குடை கொடுக்கவில்லை, செருப்புக் கொடுக்கவில்லை, காட்டுத் தரை காலைச் சுடுமே என்று புலம்புகிறாள். வைணவ மரபு இதைத் தாய்ப்பாசம் என்று படித்து உருகுகிறது. உருகட்டும். நான் அதில் பார்ப்பது வேறொன்று. ஒரு தாய் தன் முடிவை அனுப்பினேன் என்று தன்மையில் சொல்கிறாள். 'போனான்' என்று சொல்லித் தப்பிக்கவில்லை. கருவி இல்லாமல் அனுப்பியதைத் தனியாகச் சொல்கிறாள். குடை, செருப்பு என்பவை வேலை நிலைமைகள். பிள்ளை செய்வது ஒத்தாசை இல்லை, வெயிலில் நடக்கிற வேலை என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. ஆயர் வீட்டுப் பிள்ளை கன்று மேய்ப்பது இயல்புதானே என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொள்ளவும் இல்லை. நவீன கிராமத்து எழுத்தில் இந்த அளவு தெளிவு பல இடங்களில் இல்லை.

4

கடந்த முப்பது நாற்பது வருஷத்தில் தமிழில் கிராமத்துப் பால்யம் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. வட்டார இலக்கியம், மண் சார்ந்த எழுத்து, நினைவோட்டக் கட்டுரை என்று பல பெயர்கள். அவற்றில் பெரும்பகுதிக்கு ஒரு வாய்பாடு உண்டு. சிறுவன் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறான். வழியில் காரைப்பழம், ஓணான், கிணற்றுக் குளியல், பொன்வண்டு. மூன்றாவது பத்தியில் ஆடுகள் காணாமல் போய்விடும். ஆனால் அதற்காக அந்தச் சிறுவனை யாரும் அடிப்பதில்லை! நிஜத்தில் ஒரு குட்டி தப்பினால் முதுகுத் தோல் உரியும். எழுத்தில் ஆடு என்பது சிறுவனை நிலக்காட்சிக்குள் கொண்டுபோய் விடுகிற ஒரு வாகனம். இறக்கிவிட்டதும் அது போய்விடுகிறது. குழந்தை ஒரு கண்ணாக மட்டும் மிஞ்சுகிறது. பார்க்கிறது, வியக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பின்னால் நகரத்துக்கு வந்து எழுதுகிறது. கை எங்கே?

இதை எழுதியவர்களின் நேர்மையைச் சந்தேகிப்பது என் நோக்கமில்லை. அவர்களில் பலர் அந்த வேலையைச் செய்து வந்தவர்கள்தான். தப்பித்து வந்தவனுக்கு வேலை ஞாபகமாகிறது, ஞாபகம் அழகாகிறது. ஆனால் தப்பிக்காதவன் எழுதவில்லை. எழுதியவர்களின் அழகு மட்டும் கையில் இருக்கும்போது, அதையே மொத்த உண்மையாகக் கொள்வது வாசகனுக்கு வசதியாக இருக்கிறது.

கி.ராஜநாராயணனின் 'கதவு' எல்லோருக்கும் தெரிந்த கதை. தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அப்பன் பிழைப்புத் தேடிப் போனவன். அம்மா கூலிக்குப் போகிறாள். கைக்குழந்தை லட்சுமியின் பொறுப்பு. கதவைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன: ஏழைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள், வீட்டின் மானம், அரசின் கொடூரம். எல்லாம் சரி. நான் லட்சுமியைப் பார்க்கச் சொல்கிறேன். கதவு பறிபோவதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் இடுப்பு காலியாக இல்லை. கதவை எடுத்துப் போனதில் அரசு ஒரு மரச்சட்டத்தை மட்டுமா எடுத்தது? காற்றையும் நாயையும் தடுக்கிற வேலையை ஒரு சிறுமியின் தலையில் கட்டிவிட்டுப் போனது. வரிபாக்கியின் ஒரு பகுதியை லட்சுமி உடம்பால் கட்டினாள். இந்த வாசிப்புக்குக் கதையில் இடம் இருக்கிறது. நாம்தான் கதவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

பாமாவின் 'கருக்கு' (1992) வேறு மாதிரி. பிள்ளைகள் விளையாடும்போது சிலர் நாயக்கராகவும் சிலர் பண்ணையாளாகவும் நடிக்கிறார்கள். வேலையிலிருந்து தப்பித்துப் போகிற இடமாக விளையாட்டை அவர் காட்டவில்லை. வேலையின் அதிகாரம் விளையாட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருப்பதைக் காட்டுகிறார். பூமணி 1996இல் எடுத்த 'கருவேலம்பூக்கள்' படம் கரிசல் கிராமத்துச் சிறுமியைத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பிவைக்கிற குடும்பத்தின் உள்ளே போனது. அதே வருஷம் டிசம்பர் 10ஆம் தேதிதான் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் சட்டத்தை மீறி வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) இந்த வரிசையில் முக்கியமானது. கூளையன் என்கிற சக்கிலியச் சிறுவன் கவுண்டர் பண்ணையத்தில் வருஷக் கூலிக்கு விடப்பட்டவன். கூலி பெற்றோர் கைக்குப் போகும். நாவலின் நிலக்காட்சியைப் புகழ்ந்து பேசியவர்கள் அதிகம். அந்த நிலக்காட்சி எந்த நேரத்தில் பார்க்கப்படுகிறது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். கட்டுத்தரை வேலை முடிந்து, ஆடுகளை ஓட்டிவிட்டு, கண் ஆட்டின்மேல் இருக்கும்போதே மிச்சமாகிற நேரத்தில். விளையாட்டு, வேலையிலிருந்து திருடப்பட்டது. திருட்டு என்பதால் அதற்கு அத்தனை ருசி. திருட்டு என்பதால் அதற்குத் தண்டனையும் உண்டு. பண்ணையக்காரரின் மகன் செல்வனும் கூட மேய்க்க வருகிறான். அவன் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம். ஒரே மேய்ச்சல் காட்டில் ஒரே வயதுப் பிள்ளைகள். ஒருவன் செய்வது ஒத்தாசை, மற்றவன் செய்வது அடிமை வேலை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சாதி. செய்கிற காரியத்தை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எழுந்து போக முடியுமா என்பதை வைத்துத்தான் முடியும்.

5

அரசு இந்த விஷயத்தில் எப்படிப் பேசி வந்திருக்கிறது? 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு பஞ்ச விதித்தொகுப்புகளை உருவாக்கியது. நிவாரண வேலைத்தளங்களுக்கான கூலிப் பட்டியலில் ஆண், பெண், அடுத்து 'வேலை செய்யும் குழந்தை' என்று தனி வகை. வேலை செய்ய முடியாத குழந்தைக்குத் தனியாகப் படி. அதாவது பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் குழந்தையின் கை அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. கல் சுமந்த கூடைக்கு அரைகுறைக் கூலியாவது எழுதப்பட்டது. பஞ்சம் முடிந்ததாக அறிவித்த மறுநாள் அதே குழந்தை அதே கூடையைத் தன் வீட்டுக்குச் சுமந்தால் அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

1953இல் ராஜாஜியின் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரம் பெற்றோரோடு இருந்து அவர்கள் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கமும் இதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் திட்டத்தைத் தோற்கடித்தது என்றுகூடச் சொல்வேன். அரசு 'கற்றல்' என்று சொன்னதை 'குலம்' என்று மொழிபெயர்த்ததும் மக்களுக்குப் புரிந்துவிட்டது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்தல்) சட்டம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வருஷம் வேறொன்றுக்காக ஞாபகம் இருக்கும். ஜனவரியில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ்காந்தி திறந்துவைத்தார்; இன்று வைணு பாப்பு பெயரில் இருப்பது. மலையிலிருந்து வான்வெளியைப் பார்க்கும் கண். டிசம்பரில் அதே அரசு குழந்தைகளைப் பார்ப்பதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பீடி சுற்றுவது தடைப் பட்டியலில் இருந்தது. ஆனால் அதே மூன்றாம் பிரிவில் ஒரு விலக்கு: குடும்பத்தின் உதவியோடு நடத்தப்படும் வேலையிடத்துக்குத் தடை பொருந்தாது. மலையடிவாரத்துத் திண்ணைகள் எல்லாம் அந்த ஒரு விலக்குக்குள் அடங்கிவிட்டன. மேலே இருந்த கண்ணுக்கு நட்சத்திரம் தெரிந்தது. கீழே இருந்த கண்ணுக்குத் திண்ணை தெரியவில்லை.

முப்பது வருஷம் கழித்து, 2016இல், அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்று முதல்முறையாக முழுத் தடை. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு விலக்குகள். ஒன்று, சினிமா, டிவி மாதிரியான இடங்களில் நடிக்கும் குழந்தைகள். இன்னொன்று, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ, அது அபாயத் தொழிலாக இல்லாதவரை, 'உதவி' செய்யும் குழந்தை. குடும்பம் என்பதில் அத்தை, மாமன், சித்தப்பன், சின்னம்மாவும் அடக்கம். எங்கள் ஆயாவின் 'ஒத்தாசை' பாராளுமன்றத்தில் சட்டச் சொல்லாகிவிட்டது! 1953இல் தெருவை நிறைத்த கோபம் 2016இல் தெருவுக்கு வரவில்லை. 'குலம்' என்றால் நமக்குக் கோபம் வரும், 'குடும்பம்' என்றால் கண் கலங்கும். இந்த நாட்டில் எந்தக் குடும்பம் எந்தத் தொழிலில் இருக்கிறது என்பதைச் சாதியை விட்டுவிட்டு எப்படிச் சொல்வது?

புள்ளிவிவரத்தின் மொழியும் இதேதான். தேசிய மாதிரி ஆய்வில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்பதற்குக் குறியெண் உண்டு. பள்ளிக்கூடம் போனால் 91. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. வீட்டு வேலையோடு விறகு, கிழங்கு, மாட்டுத்தீவனம் எல்லாம் சேகரித்தால் 93. இந்த மூன்றும் 'உழைப்பாளர் படைக்கு வெளியே'. காலையில் தண்ணீர், மாலையில் விறகு, ராத்திரி தம்பி என்று இருக்கும் சிறுமியின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தால் அவள் 91. மற்றதெல்லாம் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகிறது. பெண்குழந்தையின் வேலை ஆண்குழந்தையின் வேலையைவிட எளிதில் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஆடு மேய்ப்பவனையாவது ஊர் பார்க்கிறது.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரைக்கும் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பத்தொன்பது மாதம். 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது, தன்னார்வலர்கள் பாடுபட்டார்கள், மதிக்கிறேன். ஆனால் அப்போது புழங்கிய சொற்களைப் பாருங்கள்: 'கற்றல் இழப்பு', 'இடைநிற்றல்', 'கற்றல் இடைவெளி'. எல்லாம் பிள்ளை எதை இழந்தது என்று சொல்லும் சொற்கள். அந்த மாதங்களில் பிள்ளை என்ன செய்தது என்று சொல்ல ஒரு சொல் இல்லை. 'இடைவெளி' என்றால் வெறும் வெளியா? எங்கள் பக்கத்தில் அந்த வெளி முழுக்க ஆடும் பீடியும் கைக்குழந்தையும் விறகும் நிறைந்திருந்தன. ஒருவருக்கு இழப்பாக இருந்தது, மலிவான உழைப்பாக இன்னொருவர் கணக்கில் வரவாகியிருக்கிறது.

6

மூன்று மறுப்புகள் வரும் என்று தெரியும்.

முதலாவது: 'அப்போ எங்க அப்பன் ஆத்தாளெல்லாம் குத்தவாளியா?' இல்லை. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சீர்திருத்தவாதிகளின் பழைய பழக்கம். குடிகாரத் தகப்பன், அறியாமைத் தாய் என்று சொல்லிவிட்டால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்தவன் தப்பித்துவிடுவான். அந்தக் கூலிக்குள் குழந்தையை வைத்தது தாய் இல்லை. யசோதையைப் போல 'நான் அனுப்பினேன்' என்று சொல்கிற தாய்க்கு, ஏன் அனுப்ப வேண்டியிருந்தது என்று கேட்கவும் வாய் வரும். ஒத்தாசை என்ற சொல் அந்த வாயையும் சேர்த்துத்தான் அடைக்கிறது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நுட்பமானது: வேலை வழியாகத்தானே பிள்ளைகள் மண்ணை அறிந்தார்கள்? மலையாளிப் பிள்ளைக்கு எந்த மரம் எப்போது காய்க்கும் என்று தெரியும், சாமைக்கு எந்தச் சரிவு என்று தெரியும். இதைப் புத்தகக் கல்வி அழிக்கவில்லையா? அழித்தது, உண்மை. அந்த அறிவின் முன்னால் நம் பாடத்திட்டம் வெட்கப்பட வேண்டும். ஆனால் அறிவு என்பது ஒருவருடைய சொத்தாக இருக்க வேண்டும் என்றால் அதை வைத்துக்கொள்ளவும் விட்டுப் போகவும் அவருக்கு முடிய வேண்டும். விட்டுப் போக முடியாத அறிவுக்கு வரலாற்றில் நாம் வைத்த பெயர்தான் குலத்தொழில். குழந்தைப்பருவம் என்பதே ஐரோப்பிய மத்தியதர வர்க்கத்தின் கண்டுபிடிப்பு என்று ஃபிலிப் ஆரியேயைக் காட்டி வாதிடுகிற நண்பர்களும் இருக்கிறார்கள். வரலாறு அப்படியே இருக்கட்டும். விவியானா ஜெலிசர் என்ற சமூகவியலாளர் 1870க்கும் 1930க்கும் நடுவில் அமெரிக்காவில் 'பயன்படும் குழந்தை' எப்படி 'விலைமதிக்க முடியாத குழந்தை' ஆனது என்று எழுதினார். நம் ஊரில் அது ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. இரண்டு குழந்தையும் ஒரே காலத்தில், பல சமயம் ஒரே வீட்டில் இருக்கின்றன. விலைமதிக்க முடியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பது பயன்படும் குழந்தை.

மூன்றாவது: ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் அதுவும் குழந்தைத் தொழிலா? எம்.வி. ஃபவுண்டேஷனின் சாந்தா சின்கா ரங்காரெட்டி மாவட்ட அனுபவத்திலிருந்து ஒரு கோடு போட்டார்: பள்ளிக்கு வெளியே இருக்கும் எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான். களத்துக்கு அது வலுவான கோடு. பேரம் பேச இடம் தராதது. செயல்பாட்டாளர்கள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் எழுத்தாளனுக்கு அந்தக் கோடு போதாது. 1982இல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டம் வந்த பிறகு, 2022இல் காலை உணவும் தொடங்கிய பிறகு, வயிற்றுக்காகப் பண்ணையத்தில் விடப்பட்ட பிள்ளைகளில் பலர் பள்ளிக்குள் வந்தார்கள். அந்த மதியச் சோறு ஒரு பண்ணையக்காரரின் கஞ்சிக் கலயத்தோடு நேரடியாகப் போட்டிபோட்டு ஜெயித்தது. ஆனால் நாலரை மணிக்குப் பள்ளி மணி அடித்த பிறகு என்ன? கோட்டுக்கு உள்ளே வந்த குழந்தையின் ராத்திரியை யார் எழுதுவது?

7

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது அதிகம் ஒன்றும் இல்லை. பிரச்சாரக் கதை எழுதச் சொல்லவில்லை. கண்ணீர்க் குழந்தையை மேடையேற்றச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே வேண்டிய அளவு நடக்கிறது. அடுத்த முறை உங்கள் கதையில் ஒரு சிறுவன் ஆடு ஓட்டிப் போனால், ஆட்டைக் கடைசிவரை ஞாபகம் வைத்திருங்கள். ஒரு சிறுமி திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தால், அவள் மடியில் முறம் இருக்கிறதா, இடுப்பில் தம்பி இருக்கிறானா என்று பாருங்கள். எத்தனை நாழிகை, யார் பெயரில் வரவு, கூலி யார் கையில், நடுவில் எழுந்து போனால் என்ன நடக்கும் என்ற நாலு கேள்விக்கும் கதைக்குள் எங்காவது பதில் இருக்கட்டும். கருப்பொருளில் தொழிலையும் சேர்த்த இலக்கணம் நம்முடையது. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

விமர்சகர்களுக்கும் இதே கேள்விகள்தான். கதவைப் பார்த்தது போதும், லட்சுமியைப் பார்ப்போம். பரணுக்குக் கீழே நிற்கிற தலைவனைப் பார்த்தது போதும், பரண்மேல் கத்துகிற தொண்டையைக் கேட்போம்.

இயக்கங்களில் இருக்கும் தோழர்களுக்கு ஒன்று. 2016 திருத்தத்தில் இருக்கும் 'உதவி' என்ற சொல்லை எதிர்க்க நமக்கு இன்னும் ஒரு தமிழ்ப்பெயர் கிடைக்கவில்லை. 1953இல் கிடைத்தது. அப்படி ஒரு பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை சட்டம் படித்தவர்களால் மட்டும் முடியாது. வீட்டுத் திண்ணையில் நூல் கட்டி வளர்ந்து இன்று எழுதத் தெரிந்தவர்கள் சேர்ந்தால் முடியும்.

ஒத்தாசை நல்ல சொல். அதைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். அண்டை வீட்டுக்காரனிடம் ஒத்தாசை கேட்டால் அவன் 'இன்னிக்கு முடியாதுப்பா' என்று சொல்லலாம், நாம் வருத்தப்படாமல் திரும்பி வருவோம். முடியாது என்று சொல்ல வழி இருக்கிற வரைக்கும்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை. பத்து வயதுப் பிள்ளை எந்த வீட்டில் 'இன்னிக்கு முடியாது' என்று சொல்ல முடிகிறதோ அந்த வீட்டில் அதை ஒத்தாசை என்று எழுதுவோம். மற்ற வீடுகளில் அது வேலை. வேலை என்றே எழுதுவோம்.